அண்டாவுல ஒட்டியிருந்த பேரு

போன வாரம் எங்க வீட்டுப் புது ஃப்ரிட்ஜோட கதவை நானே கெடுத்துட்டேன். கதவு திறந்துக்கக் கூடாதுன்னு கடையில ஒட்டி அனுப்பின டேப்பை மாசக்கணக்கா பிரிக்காம வெச்சிருந்தது என் முதல் புத்திசாலித்தனம். பிரிச்சதும் பிசின் கோடு கோடா நின்னுது. அதைத் தேய்க்கறதுக்குப் பாத்திரம் விளக்கற கம்பி நாரை எடுத்தது ரெண்டாவது. பிசின் போச்சு. பெயின்டும் கூடவே போச்சு. என் பொண்டாட்டி அந்தத் திட்டு மேல காந்தம் வெச்ச முருகர் படம் ஒண்ணை மாட்டி, "இனிமே அவரு பார்த்துக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

இதுல வெட்கக்கேடு என்னன்னா, டேப்பு பிசின் எடுக்கறதுல நான் சின்ன வயசுலயே பேரெடுத்தவன். அதை வெச்சு ஒரு கல்யாணத்தையே காப்பாத்தினவன். அப்படித்தான் இவ்வளவு நாளா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்.

அப்போ எனக்கு ஒம்பது வயசு இருக்கும். பெரிய காஞ்சிபுரத்துல எங்க தெருவுல வீட்டுக்கு வீடு தறி. எங்க வீட்ல மட்டும் தறி கிடையாது, அப்பா பஸ் மெக்கானிக்.

எங்க ஊர்ல கல்யாணத்துக்குப் பாத்திரம் குடுத்தா, குடுக்கறவங்க பேரை அதுல வெட்டித்தான் குடுப்பாங்க. கடையிலயே மிஷின் இருக்கும், கிர்ருன்னு சத்தம் போட்டுக்கினே எழுதும். பேர் வெட்டாத பாத்திரம் ஒண்ணு வீட்டுக்கு வந்துட்டா அதுக்கு யோகம்தான், அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிடும். அப்படி ஒரு எவர்சில்வர் தூக்கு எங்க வீட்டுக்கு வந்துது. குடுத்தவங்க பேரைக் காகிதத்துல எழுதி டேப்பு போட்டு ஒட்டியிருந்தாங்க. அதை வேற யாருக்கோ குடுக்கறதுக்காக, பிசினை எடுக்கற வேலையை அம்மா என்கிட்ட குடுத்துச்சு. தேங்காயெண்ணெய் தடவி ஊற விடணும். அப்புறம் பக்கத்து வீட்டுத் தறியில கழிச்சுப் போட்ட பட்டு நூலைச் சுருட்டித் தேய்க்கணும். பிசின் உருண்டு உருண்டு வரும். நகம் மட்டும் படக்கூடாது.

அம்மா தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. "கடையிலேர்ந்து இப்பதான் வந்த மாதிரி இருக்குது. பரவால்ல, ஒரு வேலைக்காவது உதவற"ன்னுச்சு. அதுக்கு முன்னாடி என்னை யாரும் அப்படிப் பாராட்டினதில்ல. அதுக்கப்புறமும் இல்ல.

கொஞ்ச நாள்ல அத்தைக்குக் கல்யாணம். அத்தை அப்பாவோட தங்கச்சி. தாத்தா உயிரோட இல்ல, அதனால எல்லாம் அப்பா தலையிலதான். சீர்ல ஒரு பெரிய பித்தளை அண்டா இருக்கணும்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டிருந்தாங்க. அப்பாவும் தலையை ஆட்டிட்டாரு. ஆட்டும்போது அண்டா விலை அவருக்குத் தெரியாது.

முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்துல சீரைப் பரப்பி வெச்சப்போ குத்துவிளக்கு இருந்துது, குடம் இருந்துது, அண்டா இல்ல. மாப்பிள்ளையோட அம்மா ஒவ்வொண்ணா பார்த்துக்கினே வந்தாங்க. "காலையில அண்டா வந்தாத்தான் எம்புள்ள மணையில உட்காருவான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. குரலைக்கூட உயர்த்தல.

விடிஞ்சதும் பெரியவங்க எல்லாரும் மூலையில கூடி குசுகுசுன்னு பேசிக்கினு இருந்தாங்க. அவங்க கவலை அவங்களுக்கு, என் கவலை எனக்கு. அந்த வாரம் ஊர்ல கரண்டு வர்றதும் போறதுமா இருந்து பேர் வெட்டற மிஷினே ஓடல. அதனால மொய்க்கு வந்த பாத்திரம் அத்தனையிலயும் காகிதம், டேப்பு. ஊரே பார்க்கற எடத்துல இப்படி அசிங்கமா கிடக்குதேன்னு எனக்கு மனசு ஆறல. அத்தை ரூம்லேர்ந்து எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கினு வந்து உட்கார்ந்துட்டேன். பட்டு நூலுக்கு எங்க போறது? நான் கட்டியிருந்த வேட்டி பட்டுதானே. அதோட முனையைச் சுருட்டிக்கினேன்.

சின்னப் பாத்திரங்களை முடிச்சுட்டு சுவரோரம் இருந்த ஒரு பெரிய பித்தளை அண்டாவுக்கு வந்தேன். மாப்பிள்ளையோட தாய்மாமன் கூரத்துலேர்ந்து ராத்திரி கடைசி பஸ்ஸுல கொண்டாந்து வெச்சது. 'தாய்மாமன், கூரம்'னு அதுல ஒட்டியிருந்துது. எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, உரிச்சு எடுத்துட்டு, தேய்ச்சேன்.

தேய்ச்சு நிமிர்ந்தா மாப்பிள்ளையோட அம்மா நிக்கறாங்க. பின்னாடியே அவங்க தம்பி, அதான் கூரத்துக்காரரு. இந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் ஓடி வந்தாங்க.

"அண்டா வந்துதா?"

அப்பா துண்டால முகத்தைத் துடைச்சாரு. அதுக்குள்ள அந்தம்மா கண்ணு அண்டா மேல போயிடுச்சு. எண்ணெயில அது தகதகன்னு இருந்துது. பேரும் இல்ல, ஊரும் இல்ல.

"இது எப்போ வந்துது?"

அம்மா என் கையைப் பார்த்துச்சு, வேட்டியைப் பார்த்துச்சு, அண்டாவைப் பார்த்துச்சு. "இப்பதாங்க சம்பந்திம்மா, கொஞ்சம் முன்னாடி."

கூரத்துக்காரரு குனிஞ்சு விரலை மடக்கி அண்டாவைத் தட்டினாரு. டங்குன்னுது. என் வேட்டி முனையை ஒரு தரம் பார்த்தாரு. "நல்ல கனம்க்கா. யாரு வாங்கினாங்களோ, பார்த்து வாங்கியிருக்காங்க."

"நீ என்னடா வெச்ச?"

"நான் அப்புறமா செய்யறேன்க்கா. எங்க ஓடிடப் போறேன்."

அவ்வளவுதான். மேளக்காரங்களைக் கூப்பிட ஆள் ஓடிச்சு. அப்பா என் கையில ரெண்டு லட்டை வெச்சு அழுத்தினாரு. மத்த பாத்திரம் எது யாரு குடுத்ததுன்னு தெரியாம, திருப்பிச் செய்யும்போது ரெண்டு பக்கமும் பல வருஷம் தடவிக்கினு இருந்தாங்க, அது வேற.

விஷயத்தை மொதல்ல அத்தைகிட்ட நான்தான் சொல்லணும்னு லட்டோட ஓடினேன். அலங்காரம் பண்ண வந்தவங்க யாரும் ரூம்ல இல்ல. அத்தை கண்ணாடி முன்னாடி உட்கார்ந்துக்கினு தலையில குத்தின ஊசியை ஒவ்வொண்ணா எடுத்து மடியில போட்டுக்கினு இருந்துது. கோயில் குளத்துப் படியில உட்கார்ந்திருக்கறவங்க மாதிரி அவ்வளவு நிதானம். வெளியில இத்தனை கலாட்டா நடக்கும்போது அத்தைக்கு எவ்வளவு தைரியம்னு நான் நெனச்சுக்கினேன்.

"அத்தை, அண்டா கிடைச்சுடுச்சு. நான்தான் பண்ணேன்"னேன்.

அத்தை என் எண்ணெய்க் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துச்சு. அப்புறம் மடியில இருந்த ஊசியை எடுத்துத் திரும்பக் குத்திக்க ஆரம்பிச்சுது. நான் ஒரு லட்டை நீட்டினேன். வேணாம்னுச்சு. அதையும் நானே தின்னுட்டேன்.

எங்க வீட்டு விசேஷம் ஒண்ணு விடாம இந்தக் கதையை நான் சொல்லியிருக்கேன். தட்டினது, டங்குன்னது எல்லாம் நடிச்சுக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அத்தை இருந்தா எழுந்து அடுப்பாங்கரைப் பக்கம் போயிடும். இப்போ ஏனாத்தூர்ல தனியா இருக்குது. மாமா எங்க இருக்காருன்னு எங்க வீட்ல யாரும் கேக்கறதில்ல.

முந்தாநாள் அத்தை ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்துது. முருகரைத் தூக்கி அடியில இருந்த திட்டைப் பார்த்துச்சு. நான் வழக்கம்போல, "என்ன அத்தை பண்றது, அன்னைக்கு அண்டாவுல இருந்த கைராசி இப்போ போயிடுச்சு"ன்னேன்.

அத்தை முருகரை அதே எடத்துல ஒட்டிட்டுச் சொல்லிச்சு: "அன்னைக்கு நீ அந்த அண்டாவைத் தொடாம இருந்திருந்தா, நான் நல்லா இருந்திருப்பேன்டா."