மச்சாளின் பொங்கலும் என் மரதனும்

போன கிழமை எங்கள் வீட்டுக்குப் புது ரைஸ் குக்கர் ஒன்று வந்தது. வாங்கவில்லை. ஓடி வென்றேன்!

ஓம், நீங்கள் வாசித்தது சரிதான். மல்லாவியில் எங்கள் விளையாட்டுக் கழகம் வருசப் பிறப்பன்று காலையில் மரதன் வைக்கும். பெயர்தான் மரதன் — ஓடுவது ஐந்து கிலோமீற்றர். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தனிப் போட்டி. அதில் முதலாம் பரிசு எனக்கு. இதைச் சத்தமாகச் சொல்லாமல் வேறு எதைச் சொல்ல?

அன்றிலிருந்து சந்தையில், பஸ்ஸில், கோயில் வாசலில் எல்லாரும் என்னைப் பிடித்துக் கேட்பது ஒரே கேள்வி. எப்படி ஓடிப் பழகினீர்கள் என்றல்ல. என்ன சப்பாத்துப் போட்டீர்கள் என்றும் அல்ல. "என்ன சாப்பிட்டிட்டு ஓடினனீங்கள்?" எங்கள் சனம் வேறு எதைக் கேட்கும்?

சொல்கிறேன். ஆனால் அதற்குப் போன வருசத்திலிருந்து தொடங்க வேண்டும்.

போன வருசமும் ஓடினேன் — பாதித் தூரம். என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் முள்ளியவளையிலிருந்து முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுவா. கையில் ஒரு போத்தல் நெய். நான் ஓடப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும், எனக்காகவே விடியமுன்னம் எழும்பிப் பொங்கினா. கஜு, பிளம்ஸ் என்கிற காய்ந்த திராட்சை, நெய்... சாமிக்குப் படைத்துவிட்டு எனக்கு வாழையிலையில் குவித்து வைத்தா. வருசத்தின் முதல் சாப்பாடு. அதைத் தொடாமல் வாசற் படலை தாண்ட எங்களில் யாருக்குத் துணிவு வரும்?

சாப்பிட்டேன். ஓடினேன். குளத்து மதகடிக்கு வந்ததும்... வேண்டாம், நீங்கள் காலைச் சாப்பாட்டோடு இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பின்னால் வந்த அறிவிப்பாளர் மட்டும் மரியாதையாகச் சொன்னார்: "எங்கள் சகோதரி ஒருவர் மதகடியில் சற்று இளைப்பாறுகிறார்." ஊர் முழுக்கக் கேட்டது.

அடுத்த நாள் தொடக்கம் என் பெயர் 'பொங்கல் அக்கா'. ஒரு வருசம் முழுக்க! கடையில் சர்க்கரை கேட்டால்கூடச் சிரிப்பு. உண்மையைச் சொன்னால், எனக்குப் பரிசு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த மதகை நிற்காமல் தாண்டவேண்டும். அந்தப் பெயர் போகவேண்டும். அவ்வளவுதான்.

ஆராய்ச்சியில் இறங்கினேன். எனக்குத் துணை பக்கத்து வளவுச் செல்வி. அவளின் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து துணுக்காயில் காடு வெட்டி வயல் செய்தவர். எங்கள் போட்டியில் ஒவ்வொரு வருசமும் முதலாவதாக வருகிறவளும் அவள்தான். விடியற்காலையில் இருவரும் குளக்கட்டில் ஓடத் தொடங்கினோம்.

முதலில் வெறும் வயிறு. கொழுப்புக் கரையும் என்று யூடியூப்பில் ஒருவர் சொல்லியிருந்தார். கரைந்ததோ தெரியாது, எனக்குக் கண் இருண்டது. குளக்கட்டிலேயே குந்திவிட்டேன். ஒரு எருமை நின்று அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனது.

பிறகு ஓட்ஸ். அதை வைத்துச் சுவரொட்டி ஒட்டலாம், ஓட முடியாது. புட்டு? அது வயிற்றுக்குள் போய் இன்னொருமுறை அவிந்தது. தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்த பழஞ்சோறு... ஆகா, சொர்க்கம்! ஆனால் ஓட்டம் வரவில்லை, நித்திரைதான் வந்தது. பால்த் தேத்தண்ணி குடித்த அன்று, ஓட ஓட வயிற்றுக்குள் யாரோ தயிர் கடைந்தார்கள்.

செல்விக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. இரவு சுட்ட தேங்காய் ரொட்டியில் மிச்சத்தை, செத்தல் மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு தின்றுவிட்டு மான் மாதிரிப் பறப்பாள். "இதுதான்க்கா எனக்குப் பெற்றோல்" என்றாள். நானும் ஒருநாள் அதையே தின்று பார்த்தேன். அவளுக்குப் பெற்றோல், எனக்கு நெருப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அடுத்தவரின் வயிற்றைக் கடன் வாங்கி ஓட முடியாது என்பது அன்றுதான் விளங்கியது.

கடைசியில் பிடிபட்டது. எழும்பியதும் ஒரு கிளாஸ் தண்ணீர், ஆறுதலாக, மெல்ல மெல்ல. பிறகு பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, பால் விடாத பிளேன்ரீ ஒன்று. ஒரு கதலி வாழைப்பழம் — ஒன்றே ஒன்றுதான்! அதன்பிறகு முற்றத்தைக் கூட்டுவது. கூட்டி முடிய வயிறும் லேசாகிவிடும், முற்றமும் துப்புரவாகிவிடும். இதை எந்த யூடியூப்காரர் சொல்லித் தந்தார்?

எல்லாம் சரி. வருசமும் பிறந்தது. மச்சாளும் வந்தா. நெய்ப் போத்தலும் வந்தது.

விடியமுன்னம் பொங்கி, படைத்து, இலையையும் போட்டுவிட்டா. நானோ முற்றம் கூட்டி முடித்து, சப்பாத்தோடு நிற்கிறேன்.

"மச்சாள், நான் ஓடியிட்டு வந்து சாப்பிடுறன்."

"வருசப் பிறப்பண்டு வெறும் வயித்தோட படலை தாண்டுறதோ? நல்ல கதை!"

"வெறும் வயிறில்லை மச்சாள். பிளேன்ரீ குடிச்சனான். வாழைப்பழம் சாப்பிட்டனான்."

"வாழைப்பழமும் ஒரு சாப்பாடோ?"

என் கணவர் இந்த இடத்தில் ஆண்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

மச்சாள் பானையைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா: "வெறும் வயித்தோட ஓடினது காணும் பிள்ளை, போதும்."

யுத்தக் காலத்தில் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, ஒரு பருக்கையும் உள்ளே போகாமல், இடம் இடமாக ஓடியவா அவா. எங்கள் பக்கத்தில் சாப்பாடு திணிக்கிற ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இப்படி ஒரு ஓட்டம் இருக்கிறது. இதற்குப்போய் நான் என்ன வாதாட?

அவாவின் கையைப் பிடித்து, "திரும்பி வந்து உங்கட கையாலதான் சாப்பிடுவன், சத்தியமா" என்றேன். அவா போட்ட இலையை எடுத்து மடித்தா. நெஞ்சில் பாரத்தோடுதான் வெளிக்கிட்டேன்.

ஓட்டம் தொடங்கியது. கால் நன்றாக வந்தது, வயிறு சத்தமே போடவில்லை. பாதித் தூரத்தில் செல்வியையும் முந்திவிட்டேன்! அவளின் சப்பாத்துச் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. வளைவில் திரும்பினேன், மதகு தெரிந்தது. மதகில்...

மச்சாள். பக்கத்தில் சைக்கிளோடு என் கணவர். மச்சாளின் கையில் மூடின சட்டி.

பெரியவர் ஒருவர் சாப்பாட்டை நீட்டிக்கொண்டு நிற்க, காணாத மாதிரி ஓடிப்போக நாங்கள் பழகியிருக்கிறோமா? என் கால்கள் தாமாகவே தளர்ந்தன. முடிந்தது கதை, இந்த வருசமும் இதே மதகுதான் என்று நினைத்தேன்.

மச்சாள் என்னைப் பார்த்தா. சட்டியைப் பார்த்தா. எனக்குப் பின்னால் வந்த செல்வியைப் பார்த்தா. சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையை வீசிக் கத்தினா பாருங்கள்:

"ஏன் பிள்ளை நிக்கிறீர்? ஓடும்! பொங்கல் எங்கயும் போகாது! அவள் கிட்ட வந்திட்டாள், ஓடும்!"

ஓடினேன். அழுதுகொண்டு ஓடினேன், சிரித்துக்கொண்டும் ஓடினேன். மதகு எப்போது பின்னால் போனது என்றே தெரியாது. முடிவுக் கயிறு நெஞ்சில் பட்டபோது ஒலிபெருக்கியில் என் சொந்தப் பெயரைச் சொன்னார்கள். முழுப் பெயரை!

இரண்டாவதாக வந்த செல்வி முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினாள். "அக்கா, அடுத்த வருசம் மச்சாள எங்க பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்!"

மச்சாள் வந்து, மைதானத்து வேப்பமர நிழலில் எங்கள் இரண்டு பேரையும் இருத்தி, சட்டியைத் திறந்தா.

ஆகவே, கேட்டவர்கள் எல்லாருக்கும் என் பதில் இதுதான்: ஓடமுன்னம் உங்கள் வயிறு போதும் என்று சொல்லும்வரை சாப்பிடுங்கள். ஓடி முடிந்தபின் மச்சாள் போதும் என்று சொல்லும்வரை சாப்பிடுங்கள்.

என் மச்சாள் இன்னும் சொல்லவில்லை.