சுவரில் ஓடிய பேச்சு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை எந்திரம் ஓட்டுகிறவள் அவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. எந்திரத்தோடு அவளுக்குச் சங்கடமே இல்லை. வேலை தொடங்குமுன் எல்லோரும் கூடிப் பேசும் காலைக் கூட்டம்தான் பெரும்பாடு. மேற்பார்வையாளரின் வாயசைவைப் பார்த்தபடி நிற்பாள். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்து வைப்பாள். முடிந்ததும் அவர் துண்டுச்சீட்டில் "இன்னிக்கு சின்ன பெட்டி" என்று எழுதி நீட்டுவார். அவ்வளவு நேரப் பேச்சும் அவள் கைக்கு வரும்போது மூன்று சொல்லாகியிருக்கும்.

வேலையை விட்டுப் போகிறவர்களோடு அவர்கள் தெரிந்து வைத்திருந்ததும் போய்விடுகிறதே என்று நிர்வாகம் ஒருநாள் விழித்துக்கொண்டது. இனி கூட்டத்தில் பேசுவதையெல்லாம் கணினியே எழுதிச் சேமிக்கும். யாரும் தேடிப் படிக்கலாம், செல்போனிலிருந்து கேள்வியும் அனுப்பலாம் என்றார்கள். சுவரில் பெரிய திரை வந்தது. அவளை நினைத்து யாரும் அதை மாட்டவில்லை.

முதல் நாள் மேற்பார்வையாளர் வாயைத் திறந்ததும் திரையில் எழுத்து ஓடியது.

"என்னப்பா, எல்லாரும் தூங்கி வழியறீங்க?"

அவளுக்கு மெய் சிலிர்த்தது. இந்த மனிதர் இப்படியெல்லாமா பேசுவார்! எந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் ஏதோ முனகினார். அதுவும் வந்து விழுந்தது: "பசி சீக்கிரம் கெட்டியாயிடுது சார்." பசையைக் கணினி பசியாக்கிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரிந்து.

"சரி சரி. ரேடியோவோட எந்திரத்துக்குப் புது உருளை வந்தாச்சு, மாட்டிடுங்க."

எந்த ரேடியோ? சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு, முகத்தில் ஈயாடாமல் நின்றார்கள். அடப்பாவிகளா, காது கேட்காத தனக்கு இத்தனை வருஷமாக இப்படியொரு பட்டப்பெயரா! கோபம் வரப் போகிறது என்று நினைத்தாள். வந்ததென்னவோ சிரிப்புதான், கண்ணில் நீர் முட்டும் அளவுக்கு. செல்போனை எடுத்துத் தட்டினாள். மேற்பார்வையாளரின் வரிக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அவள் வரி ஏறியது.

"ரேடியோ பேசறேன். பசை மாத்தறதுக்கு முன்னாடி உருளையைக் கொஞ்ச நேரம் சும்மா ஓட விடறோமே, எதுக்கு?"

சேர்ந்த புதிதில் ஒருவர் செய்துகாட்டியதை அப்படியே செய்துவந்தவள். ஏனென்று யாரும் சீட்டில் எழுதித் தரவில்லை.

"உடனே நிறுத்தினா பசை அடிப்பக்கமா இறங்கித் தங்கிடும்மா," என்றார் ஃபிட்டர். "அப்புறம் பெட்டி ஒரு ஓரம் தடிக்கும், இன்னொரு ஓரம் ஒட்டாது."

"அது மட்டுமில்ல, சூடும் ஒரே சீரா தணியணும்," என்று குறுக்கிட்டார் இன்னொருவர்.

"சூடாவது, மண்ணாவது!" என்றார் ஃபிட்டர்.

வாக்குவாதம் சூடுபிடித்தது. வரிமேல் வரியாக ஏறிக்கொண்டே போனது. அவள் வாய் பிளந்து நின்றாள். தினமும் தன் கை செய்கிற காரியத்துக்குள் இத்தனை பேருடைய யோசனை இருந்திருக்கிறதா!

மாலை வீட்டில் அவள் கைகள் ஓயவில்லை. கணவன் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

'அப்படி என்னதான் பேசிக்கறாங்க?' என்று ஜாடையில் கேட்டாள் மகள்.

'பாதி வெட்டிப் பேச்சுடி,' என்றன அவள் கைகள். 'அதைக்கூட ஒண்ணு விடாம படிச்சேன்.'