கட்டத்தில் இல்லாத வரி

காவல் நிலையத்தில் பதினோரு வருடமாகப் புகார்களைக் கணினியில் ஏற்றிவரும் அக்காவுக்குத் ‘துருவி’ என்று பட்டப்பெயர். கணினிப் படிவத்தில் பெயர், முகவரி, தொலைந்த பொருள் ஆகியவற்றுக்கு மட்டும்தான் கட்டங்கள். மற்றதை யாரும் சீந்துவதில்லை. அவருக்கோ அதையும் வாசிக்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

அன்று ஐந்து திருட்டுப் புகார்களை மேசையில் பரப்பினார். விசாரிப்பவர்களும் ஐந்து பேர். ஒருவருடைய கோப்பு இன்னொருவர் கைக்குப் போனதில்லை. ஐந்திலும் கடைசி வரி ஒன்றுதான்: முந்தின நாள் தண்ணீர் வடிகட்டியைப் பழுதுபார்க்க ஒருவன் வீட்டுக்கு வந்திருக்கிறான், நெற்றியில் தழும்போடு.

ஆய்வாளர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “ஏம்மா, இது இத்தனை நாளா யாருக்குமே தெரியாதா?”

“அஞ்சு பேருக்கும் அவங்கவங்க கேஸ்ல தெரியும் சார். ஏத்தறதுக்குத்தான் கட்டம் இல்ல.”