ஹீட்டர் இல்லாமல் திரும்பிய கதிர்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் வேண்டாம். பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போகிற ஆள் நான். படூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. நான்கு வருடமாக என் உலகமே நகத்தளவு தகடு ஒன்றுதான். டெராஹெர்ட்ஸ் என்று, கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று உண்டு. அதைத் தகட்டின்மேல் விட்டு, தகட்டின் ஒரு பக்கத்தைச் சூடாக்கினால் கதிர் திசை திரும்பும். சூடு இல்லையென்றால் நேராகப் போகும். இதில் மர்மம் எதுவும் கிடையாது.

அன்று பிற்பகல் ஹீட்டர் கெட்டுவிட்டதென்று லேப் டெக்னீஷியன் முருகேசன் அதன் வயரைப் பிடுங்கிவிட்டார். சரி, நேர்க்கதிரின் அகலத்தையாவது அளப்போம் என்று, கதிரின் அளவைத் திரையில் காட்டும் டிடெக்டரைக் கையில் எடுத்து ஓரமாக நகர்ந்தேன், நம்பினால் நம்புங்கள், சிக்னல் குறையவே இல்லை, இடது பக்கம் போனால் இடது பக்கம் வருகிறது, வலது பக்கம் போனால் வலது பக்கம் வருகிறது, நான் நின்றால் அதுவும் நிற்கிறது.

“இன்னா மேடம் இது, வயரு என் கைல கீது, அது உங்க பின்னாலயே வந்துகினு கீது!” என்றார் முருகேசன்.

ஓடிப்போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தேன். அவர் டிடெக்டரைத் தொட்டதும் கதிர் ஒழுங்காக நேரே போனது. லேபில் இருந்த அத்தனை மாணவர்கள் முன்னால் கேட்டார்: “ஹீட்டரே இல்லாம திரும்புச்சா? டேட்டாவ நீயே உக்காந்து எழுதினியாம்மா?”

“சார், நானும் பாத்தேன் சார்,” என்றார் முருகேசன்.

“நீ உன் வேலயப் பாருய்யா.”

என்னைப் பொய்க்காரி ஆக்கி, மன்னிப்புக் கடிதமும் எழுதி வாங்கினார். நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

இரண்டு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் மறந்துபோன கண்ணாடியை எடுக்க லேபுக்குப் போனேன். உள்ளே பேராசிரியர் மட்டும். ஹீட்டர் வயர் மேசையில் சுருட்டிக் கிடந்தது. அவர் கையில் டிடெக்டர். இடது பக்கம் நடக்கிறார், வலது பக்கம் நடக்கிறார், திரையையே பார்க்கிறார். என்னைக் கண்டதும் டிடெக்டரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“லேப் பூட்டப் போறேன், போம்மா.”

அவ்வளவுதான். இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, கடிதத்தையும் கிழிக்கவில்லை. அது அவர் மனசாட்சி. எனக்குத் தூக்கம் கெடுவது வேறு ஒன்றால். அந்தக் கதிர் மனித உடம்பைத் தாண்டாது, உடம்பில் இருக்கிற தண்ணீரே அதை விழுங்கிவிடும். அன்று கதிருக்கும், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த டிடெக்டருக்கும் குறுக்கே அவர் முழு உடம்பும் நின்றது. திரையில் சிக்னல் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.