பலாச்சுளையும் என் முகச்சுளிப்பும்

இந்த அகால நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள், அம்மாக்களே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

இன்று காலை புதுக்கோட்டை உழவர் சந்தையில் பலாப்பழம் விற்கும் அக்கா, என் இரண்டு வயது மகளிடம் கொட்டை எடுத்த சுளை ஒன்றை நீட்டினார். எனக்கோ பலா வாசமே ஆகாது. பாப்பா என்னைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"எதைக் குடுத்தாலும் இப்படித்தாங்க்கா. எடையே ஏற மாட்டேங்குது."

"நீங்க மூஞ்சியச் சுளிச்சா புள்ள எப்படிங்க திங்கும்? செத்த அங்கிட்டுத் திரும்புங்க."

திரும்பி நின்றேன். மறுபடி பார்த்தபோது சுளை காலி. "இன்னொன்னு" என்று கை நீட்டுகிறாள்!

வீட்டிலும் ஒவ்வொரு வாய்க்கும் அவள் என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள் போல. அதில் எப்போதும் பயம்தான் இருந்திருக்கும்.

நாளை காலையில் இட்லி ஊட்ட வேண்டும். கவலையை எங்கே ஒளித்து வைக்கிறீர்கள், அம்மாக்களே? சீக்கிரம் பதில் போடுங்கள்.