எதைத் தொட வேண்டும்?

நிச்சயத்துக்கு முன் பெண்ணைத் தனியே அழைத்து, அவள் சம்மதத்தை அவள் வாயாலேயே போதகர் கேட்க வேண்டும் என்பது எங்கள் சபை விதி. 1924இல் ராஜபாளையத்தில் என் நிச்சயத்துக்கு முன் எங்கள் போதகர் பெண்ணின் அப்பாவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அப்போது நான் கோர்ட் குமாஸ்தா. விதி பிசகினால் தூக்கம் வராது. மோதிரத்தையாவது அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரியிடம் கல் வைத்தது ஒன்றும் வைக்காதது ஒன்றுமாக வாங்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன்.

“எது பிடிச்சிருக்கு?” என்றேன். கதவோரம் நின்ற ரோசம்மாள் நிமிரவில்லை.

“ஏட்டி, மாப்பிள்ளை இப்பவே உன்கிட்ட உத்தரவு கேக்காரு!” என்றார் அவள் சித்தி. வீடே சிரித்தது.

“அவளக் கேட்டா விடிஞ்சிரும் தம்பி” என்று அவள் அம்மா கல் மோதிரத்தை எடுத்து மகள் விரலில் திருகினார். அது கணுவில் சிக்கியது. அவள் கண் நிறைந்தது. விரல் வலிக்கிறது என்றார்கள். அதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாமியாரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு எந்தச் சட்டத்திலும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு, எந்த மோதிரம் பிடித்திருந்தது என்று ரோசம்மாளிடம் பலமுறை கேட்டேன். “இருக்கட்டும்” என்பாள். எங்கள் மகளின் நிச்சயத்துக்கு மோதிரம் பார்க்கக் கிளம்பிய அன்று மறுபடியும் கேட்டேன்.

“ரெண்டு மோதிரம் காட்டுனீங்க. கல்யாணமே வேண்டாம்னு சொல்ல எதைத் தொடணும்?” என்றாள். “மொதல்ல மாப்பிள்ளை வேணுமான்னு நம்ம பிள்ளைகிட்டக் கேளுங்க. பொறவு கடைக்குப் போவோம்.”

என் கேள்விக்குப் பதில் வந்த தேதி 1946 மே 9.