தொடாமல் வைத்த பிராங்க்

ஃபாரஸ்ட் கேட்டில் நான் வேலை செய்த காசு மாற்றும் கடைக்கு அந்த மனிதர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். நரைத்த மீசை, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. கண்ணாடிக்கு அடியால் ஒரு பொட்டலத்தைத் தள்ளினார். உள்ளே கொஞ்சம் ஜெர்மன் மார்க், மிச்சமெல்லாம் பிரெஞ்சு பிராங்க். யூரோ வருமுன் பாரிஸில் அறைத்தோழர் ஒருவர் இதை இவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனாராம், திரும்பவே இல்லையாம். அவருடைய மகள் இப்போது இதே நகரில் மோர்டனுக்கு வந்திருக்கிறாளாம்.

“அடுத்தவன்ரை காசு. இண்டைக்குத்தான் அவிழ்த்தனான்” என்றார்.

“மார்க்கை ஜெர்மனிக்கு அனுப்பி மாத்தலாம் அண்ணை. பிராங்க் ஏலாது. பிரான்சிலை தவணை முடிஞ்சு கனகாலம்.”

“ரெண்டும் சேர்ந்துதானே தம்பி யூரோ ஆனது?”

“ஓம். பழைய காசை எவ்வளவு காலம் ஏற்கிறதெண்டு ஒவ்வொரு நாடும் தன்ரை பாட்டுக்கு முடிவெடுத்தது.”

சேர்ந்தபோது ஊரறியக் கொண்டாடினார்கள். கதவைச் சாத்தியபோது இந்த மனிதருக்கு யார் வந்து சொன்னார்கள்?

அவர் ஒவ்வொரு தாளையும் நகத்தால் நீவி, முகங்கள் ஒரே பக்கம் பார்க்க அடுக்கினார்.

“அப்பவே எடுத்துச் செலவழிச்சிருந்தா, இப்ப பவுண்ஸிலை திருப்பிக் குடுத்திருப்பன். தொடாமல் வைச்சு அழிச்சுப்போட்டன்.”

அடுக்கிய தாள்களைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார்.

“தம்பி, ஏலாது எண்டதை ஒரு துண்டிலை எழுதித் தாரும். வாயாலை சொன்னா அந்தப் பிள்ளை நம்பாது.”

எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அதையும் பொட்டலத்துக்குள் வைத்து, அதே பழைய நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டார்.